பொதுக்கூட்டமும் அனுமதியும்



ஊருக்கு நல்ல காரியம் ஒன்று செய்ய வேண்டும் என்று நால்வர் கூடுகிறார்கள். நூல்நிலையத்தின் ஆண்டு விழாவாக இருக்கலாம்; பழைய மாணவர் சங்கத்தின் கூட்டமாக இருக்கலாம்; தெருவார் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவாகவும் இருக்கலாம். தலைவர் யார், பேச்சாளர் யார், மாலைக்கு எவ்வளவு, சிற்றுண்டிக்கு எவ்வளவு என்பனவெல்லாம் முதல் நாளிலேயே முடிவாகிவிடும். எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடும் வேளையில் ஒருவர், "அனுமதி வாங்க வேண்டாமா?" என்று கேட்பார். "அதற்கென்ன, ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போயிற்று" என்று மற்றொருவர் விடை சொல்வார். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பள்ளியாசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். வழக்கறிஞன் அல்லன், அரசு அலுவலகத்தில் அமர்ந்து கோப்புப் பார்த்தவனும் அல்லன். ஆயினும் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு விழாவைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்தியவன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முறை. எனக்கு நன்றாகத் தெரிந்தது நான் செய்த தவறு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1988-ஆம் ஆண்டு. வடசென்னையில் ஒரு பள்ளியில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். பழைய மாணவர்கள் கூடி ஒரு மாலை விழா நடத்த விரும்பினார்கள். பள்ளியின் முற்றம் சிறியது. எனவே பள்ளிக்கு எதிரே உள்ள தெருவிலேயே மேடை போடுவது என்று முடிவாயிற்று. செயலாளர் பொறுப்பு என்னுடையது. ரோந்து வந்த காவலரிடம் வாய்மொழியாக ஒரு வார்த்தை சொன்னேன். அவரும் தலையசைத்தார். தெருவின் குறுக்கே சவுக்குக் கம்புகளைக் கட்டி, இரு பக்கமும் கூம்பு ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டோம். கூட்டம் நிறைந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் தெருவின் உட்கோடியிலிருந்து ஓர் ஆட்டோ ரிக்ஷா வந்து நின்றது. ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர் அதில் மூச்சுத் திணறலோடு படுத்திருந்தார். ஓட்டுநர் ஒலியெழுப்பினார், எங்கள் ஒலிபெருக்கி அதை விழுங்கிவிட்டது. அவருடைய மகன் இறங்கி வந்து கூட்டத்தின் ஓரத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்; அவர்கள் முன்னால் இருந்தவர்களிடம் சொன்னார்கள். செய்தி மேடைக்கு வந்து சேர்ந்து, நாற்காலிகளை நகர்த்தி, கம்பை அவிழ்த்து வழிவிடுவதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. இரண்டு நாட்களுக்குப் பிறகு அந்தப் பெரியவர் மருத்துவமனையில் காலமானார். அந்த இருபது நிமிடம் காரணமா என்பதை எவரும் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. துக்கம் விசாரிக்கச் சென்றபோது மகன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "விழா நல்லா இருந்துச்சு சார். எங்களுக்குப் போக வழிதான் இல்லை."

அன்றிலிருந்து அனுமதி என்ற சொல்லுக்கு நான் வேறு பொருள் கொள்ளத் தொடங்கினேன். கூட்டத்துக்கு வருகிறவர்களின் வசதியை நாம் எண்ணிப் பார்க்கிறோம். வராதவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். நோயாளி இருக்கிறார், மறுநாள் தேர்வெழுதும் பிள்ளை இருக்கிறது, இரவு வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, "உங்கள் தெருவைச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பது நடவாத காரியம். அவர்கள் அனைவருக்கும் பதிலாக ஓர் அதிகாரியிடம் கேட்கிறோம். அனுமதி என்பதன் உட்பொருள் அதுவே என்று நான் நினைக்கிறேன்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது இந்நாட்டுக் குடிமக்களின் அடிப்படை உரிமை. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு இதை அளிக்கிறது. அதே பிரிவு, பொது ஒழுங்கையும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. நியாயமான என்ற அடைமொழியை நாம் அழுத்திப் படிக்க வேண்டும். அதிகாரி தம் மனம்போன போக்கில் மறுப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது.

இதற்கு ஒரு வழக்கு சான்றாக நிற்கிறது. அகமதாபாத் நகரில் பொதுத் தெருவில் கூட்டம் நடத்த அனுமதி கேட்ட ஒருவருக்கு அது மறுக்கப்பட்டது. ஹிம்மத்லால் ஷா வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1972-இல் தீர்ப்பு வழங்கியது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம். எந்த வழிகாட்டும் நெறியும் இன்றி, கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரிக்கு வரம்பற்ற அதிகாரம் தரும் விதி செல்லாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எனவே அனுமதி கேட்பவர் கையேந்தி நிற்கும் இரவலர் அல்லர். தமக்குள்ள உரிமையைப் பிறருக்கு இடையூறின்றிப் பயன்படுத்தும் வழியைக் கேட்பவர்.

சென்னை மாநகருக்கு 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 41-ஆம் பிரிவு, பொது இடங்களில் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் ஆணையருக்குத் தருகிறது. அவர் தடை விதித்தால், அரசின் ஒப்புதல் இன்றி அத்தடை பதினைந்து நாட்களுக்கு மேல் நீடிக்க இயலாது. மனுவை நிகழ்ச்சிக்குக் குறைந்தது ஐந்து நாட்களுக்கு முன் கொடுக்க வேண்டும். மாநகரங்களுக்கு வெளியே, மாவட்டங்களில், 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்திலுள்ள 30-ஆம் பிரிவின்கீழ் இத்தகைய ஆணைகள் பிறப்பிக்கப்படுகின்றன. நாம் '144 தடை உத்தரவு' என்று வழங்கிவந்தது இவற்றினின்றும் வேறானது. அது நெருக்கடி வேளைக்கு உரியது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவாக அது எண் மாறியுள்ளது.

1861, 1888 என்ற ஆண்டுகளைக் கேட்டதுமே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். ஆண்டவர்கள் அந்நியர், ஆளப்பட்டவர்கள் கூடுவதை அவர்கள் அச்சத்தோடு நோக்கினார்கள். அந்த அச்சத்தின் சாயல் பழைய சட்டங்களில் இருப்பது உண்மை. நாடக விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-இல் ஆங்கில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பிறகும் 1954-இல் நம் மாநிலத்தில் அத்தகைய சட்டம் ஒன்று பிறந்தது. நாடகம் போடுவோர் கதைவசனத்தைக் காவல்துறையிடம் காட்டிக் காத்திருக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. எங்கே கூடுகிறோம், எவ்வளவு நேரம், எவ்வளவு ஒலி, தீ பிடித்தால் என்ன செய்வோம் என்பன கேட்கத்தக்க கேள்விகள். நாம் என்ன எண்ணுகிறோம் என்பது அனுமதியின் எல்லைக்குள் வரக்கூடாத கேள்வி.

அடுத்து, செயல்முறை. நினைவில் நிற்பதற்காக இதை நான்கு வாயில்களாகப் பிரித்துக்கொள்வோம்: இடம், ஒழுங்கு, ஒலி, காப்பு.

முதல் வாயில் இடம். நிலம் யாருக்கு உரியதோ அவரிடம் முதலில் இசைவு பெற வேண்டும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெரும்பாலான உள்தெருக்களும் மாநகராட்சியுடையவை. பெருஞ்சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தனியார் மண்டபமாயின் உரிமையாளரின் கடிதம் வேண்டும். மாநகராட்சி இடத்துக்கு வாடகையும் வைப்புத்தொகையும் உண்டு. எதற்குப் பணம் கட்டினாலும் இரசீது பெறுங்கள். சாலையைத் தோண்டிக் கம்பு நடுவது கூடாது. மணல் நிரப்பிய தகர டின்களில் கம்பை நிறுத்தினால் சாலையும் பிழைக்கும், வைப்புத்தொகையும் திரும்பி வரும்.

எல்லா இடமும் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மெரினா கடற்கரையின் திலகர் திடல் விடுதலைப் போராட்டக் காலத்தில் பெருங்கூட்டங்களைக் கண்ட இடம். அக்கடற்கரையில் போராட்டங்களுக்கு அனுமதி தர இயலாது என்ற அரசின் நிலையை 2018-இல் உயர் நீதிமன்ற அமர்வு ஏற்றுக்கொண்டது. எனவே இடத்தைத் தீர்மானித்துத் துண்டறிக்கை அச்சிட்ட பிறகு மனு எழுதுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போலாகும்.

இரண்டாம் வாயில் ஒழுங்கு, அதாவது காவல்துறை. நிகழ்ச்சி நடக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாக மனுக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி பெரிதாயின் அது மேலதிகாரிகளுக்குச் செல்லும். போக்குவரத்துக் காவலரின் கருத்தும் கேட்கப்படும். மனுவில் நடத்துவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், நிகழ்ச்சியின் தன்மை, எதிர்பார்க்கும் மக்கள் தொகை, வாகனம் நிறுத்துமிடம், மாற்று வழி ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். இடத்தின் வரைபடம் ஒன்றைக் கையாலேனும் வரைந்து இணைத்துவிடுங்கள். வரைபடம் வரையும்போதுதான் வாயில் எங்கே, வழி எங்கே என்பது நமக்கே புலப்படும். 1988-இல் நான் ஒரு வரைபடம் வரைந்திருந்தால், தெருவுக்கு ஒரு முனைதான் திறப்பு என்பதை என் பென்சிலே எனக்குச் சொல்லியிருக்கும்.

மனுவை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றில் தேதியிட்ட முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். சட்டம் ஐந்து நாள் என்று சொன்னாலும், மூன்று வாரத்துக்கு முன்பே கொடுப்பது நல்லது. மறுப்பு வருமாயின் அதை எழுத்தில், காரணத்தோடு தரும்படி பணிவாகக் கேளுங்கள். காரணம் சரியானதாயின் இடத்தையோ நேரத்தையோ மாற்றிக்கொண்டு மீண்டும் எழுதலாம். சரியற்றதாயின் உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறது. வாய்மொழியாக வந்த மறுப்பை எதிர்த்து எங்கும் செல்ல இயலாது. வாய்மொழியாக வந்த அனுமதியும் அவ்வாறே பயனற்றது. அதற்கு நானே சாட்சி.

மூன்றாம் வாயில் ஒலி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைத்தல் ஆகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, அடைத்த அரங்குகளின் உள்ளே தவிர, ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அது நாமே எடுத்துக்கொள்ளும் சலுகையன்று. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம்; அங்கே பகலில் 50, இரவில் 40.

டெசிபல் என்றால் என்ன என்று சிலர் மலைப்பார்கள். இருவர் அருகருகே நின்று இயல்பாகப் பேசும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். இதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ சற்றேறக்குறைய இரு மடங்காகக் கேட்கிறது. ஆகவே 60-க்கும் 80-க்கும் இடையே உள்ளது சிறு வேறுபாடு அன்று. நூறு மடங்கு ஆற்றல். உயரத்தில் ஒரு பெரிய ஒலிபெருக்கியைக் கட்டி ஊர் முழுவதும் கேட்கச் செய்வதைவிட, சிறு பெட்டி ஒலிபெருக்கிகளைக் கூட்டத்தின் நடுவே ஆங்காங்கே தாழ்வாக வைத்தால், கேட்க வந்தவர்க்கு நன்றாகக் கேட்கும். வராதவர் நிம்மதியாக உறங்குவார்.

நான்காம் வாயில் காப்பு. இதில் தீ, மின்சாரம், கூட்ட நெரிசல் மூன்றும் அடங்கும். சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது, இந்தியாவிலேயே பழமையானது. அதன் தலைமை அலுவலகமாகிய ரிப்பன் மாளிகை நிற்பது பழைய மக்கள் பூங்காவின் நிலத்திலே. அந்தப் பூங்காவில் 1886 டிசம்பர் 31 அன்று, ஆண்டிறுதிக் கண்காட்சியின்போது தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். இன்று நாம் அனுமதிக்காகப் படியேறும் கட்டடத்தின் அடியிலேயே இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அது பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. 1997 ஜூன் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது வேள்விச்சாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கூரைப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

ஆகவே தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கேட்கப்படும்போது அதை வெறும் காகிதம் என்று எண்ணலாகாது. கீற்றும் காய்ந்த துணியும் மின்கம்பியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புப் பெற வேண்டும். கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பது திருட்டு மட்டுமன்று, ஆபத்துமாகும். பந்தலுக்கு எதிரெதிராக இரண்டு வழிகளேனும் இருத்தல் வேண்டும். மணல் வாளிகளும் தீயணைப்பான்களும் மேடையருகே இருந்தால் போதாது; சமையல் நடக்கும் இடத்திலும் இருக்க வேண்டும்.

நெரிசலைப் பற்றிச் சிறிது கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தலைமையாசிரியனுக்கு அந்த ஆசை போவதில்லை. 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள ஒரு திடல். பரப்பு 1,000 சதுர மீட்டர். மேடை, ஜெனரேட்டர், சிற்றுண்டிக் கடை, நடைவழி ஆகியவற்றுக்கு 300 போக எஞ்சுவது 700. நாற்காலி போட்டால் ஓர் ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கொள்ளுங்கள். 700 பேர் அமரலாம். நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு இருவர், 1,400 பேர் வசதியாக நிற்கலாம். நால்வர் என்றால் 2,800 பேர். அதற்கு மேல் ஒருவரையும் உள்ளே விடலாகாது. ஆறு, ஏழு பேராக நெருங்கிவிட்டால் கூட்டம் நீர்போல அலைமோதும். தனி மனிதனுடைய கால் அவன் சொற்படி நடவாது. நெரிசலில் மிதிபட்டு இறப்போரைவிட, நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல் இறப்போரே மிகுதி.

2025-ஆம் ஆண்டு இதை நமக்கு இரு முறை கண்ணீரோடு நினைவூட்டியது. ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழாவுக்காகத் திரண்ட கூட்டத்தில் அரங்கின் வெளியே 11 பேர் இறந்தனர். செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அரசியல் கூட்டத்தில் குழந்தைகள் உட்பட 41 பேர் மாண்டனர். அதன் பின்னர்ப் பெருங்கூட்டங்களுக்கு நிலையான வழிமுறைகளை வகுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசைப் பணித்தது. யார்மேல் குற்றம் என்பதை ஆராய்வது என் வேலையன்று. விழா நடத்துவோர்க்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: மனுவில் எதிர்பார்க்கும் மக்கள் தொகை என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். அனுமதி எளிதில் கிடைக்கட்டும் என்று ஆயிரத்தை ஐந்நூறு என்று எழுதினால், ஐந்நூறு பேருக்கான காவலரும் குடிநீரும் வழியுமே கிடைக்கும். மீதி ஐந்நூறு பேரை நாமே கைவிட்டவர்களாவோம். ஐயமிருந்தால் கூட்டியே எழுதுங்கள்.

வேறு சில சிறு செய்திகளும் உண்டு. அனுமதியில்லாத விளம்பரப் பதாகைகளை வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் அத்தகைய பதாகை சரிந்து விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அவரும் எந்த விழாவுக்கும் செல்லாதவர். தம் வழியில் போய்க்கொண்டிருந்தவர். பாட்டும் நாடகமும் நடத்துவோர்க்குப் பதிப்புரிமை பற்றிய அச்சம் ஒன்றுண்டு. தொழில்முறையல்லாத கழகத்தார், கட்டணம் வாங்காமல், கூடியவர்முன் நிகழ்த்திக் காட்டுவதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே விலக்கு அளிக்கிறது. நுழைவுச் சீட்டு விற்றால் அந்த விலக்குப் பொருந்தாது. உரிமையாளரின் இசைவு பெற வேண்டும்.

இத்தனையும் நடைமுறையில் ஆகக்கூடியதா என்று கேட்பீர்கள். 2014-இல் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் விழாவை மாநகராட்சித் திடல் ஒன்றில் நடத்தினோம். ஒரு மாதத்துக்கு முன்பே ஆசிரியர் நால்வரை அழைத்து, ஆளுக்கொரு வாயிலைப் பொறுப்பாகக் கொடுத்தேன். ஒருவருக்கு இடம், ஒருவருக்குக் காவல், ஒருவருக்கு ஒலி, ஒருவருக்குத் தீயும் மின்சாரமும். எல்லாம் இலகுவாக நடந்தன என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு ஆறு நாட்கள் மேசையை விட்டு நகரவில்லை. போய்க் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்பதே விடை. ஏழாம் நாள், மனு பெற்றதற்கான முத்திரைப் படியைக் கையில் எடுத்துச் சென்று, "ஐயா, இதன் நிலையை ஒரு வரி எழுதித் தாருங்கள், மறுப்பாயினும் சரி" என்று கேட்டேன். அன்று மாலையே அது நகர்ந்தது. கோபத்தால் நகராத கோப்பு ஒரு துண்டுக் காகிதத்தால் நகர்ந்தது.

இடத்தைப் பார்வையிட வந்த காவல் ஆய்வாளர் எங்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திடலைச் சுற்றி நடந்தார். "சார், மேடையைக் கிழக்கே போட்டிருக்கிறீர்கள். பின்னால் பிரசவ மருத்துவமனை இருக்கிறது. மேற்கே மாற்றிக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கியும் அந்தப் பக்கம் பார்த்து இருக்கட்டும்" என்றார். அந்த மருத்துவமனையை நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; விழாவைத் திட்டமிடும்போது மட்டும் அது என் கண்ணில் படவில்லை. அனுமதி கேட்பதன் பயன் எனக்கு முழுமையாக விளங்கியது அந்த நிமிடத்தில்தான். பிறருடைய கண் ஒன்று நம் திட்டத்தைப் பார்க்கிறது. நாம் காணாததை அது காண்கிறது.

அந்த மனுவில் எவரும் கேளாமலே நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: திடலை ஒட்டிய சாலையில் இடப்பக்கம் பன்னிரண்டு அடி அகலத்துக்கு வழி எப்போதும் திறந்திருக்கும், அதற்கு இரண்டு பேர் காவல் நிற்பர். பழைய மாணவர் இருவரை அங்கே நிறுத்தினேன். விழா முடியும் வரை நிகழ்ச்சியைப் பாராமல் சாலையைப் பார்த்து நிற்பதே அவர்கள் பணி. சற்று வருத்தத்தோடுதான் ஒப்புக்கொண்டார்கள்.

மாலை ஏழரை மணி இருக்கும். மேடையில் சிறுவர் நாடகம் நடந்துகொண்டிருந்தது. சாலைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஓர் ஆட்டோ, முகப்பு விளக்கோடு, அந்தப் பன்னிரண்டு அடி வழியில் நுழைந்து, நில்லாமல், ஒலியெழுப்பாமல் கடந்து சென்றது. கூட்டத்தில் ஒருவரும் தலை திருப்பவில்லை. அதில் இருந்தவர் யார், நோயாளியா, ஊருக்குப் புறப்பட்டவரா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நாடகம் முடிந்து கைதட்டல் எழுந்தது. நான் அந்த வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேயர்களே, உங்கள் தெருவில் அடுத்த விழாவுக்கு மனு எழுத உட்காரும்போது, மேலே அதிகாரியின் பதவியை எழுதுங்கள். முறைப்படி அவருக்குத்தான் எழுத வேண்டும். ஆனால் உங்கள் கூட்டத்துக்கு வரப்போகாத ஒருவரை மனத்தில் நினைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுத வேண்டியவை எல்லாம் தாமாகவே வந்துவிடும்.